தைராய்டுத் தாளும் உப்பு ஜாடியும்

"டிஎஸ்எச் 3.4, அது சரியாத்தான் இருக்காம். கீழ பாரு தம்பி, 612னு கருப்பா அடிச்சு பக்கத்துல ஸ்டார் வேற போட்டிருக்கான். முப்பத்தி நாலுக்குள்ள இருக்கணுமாம். பதினெட்டு மடங்கு!"

எதிர்வீட்டு அக்கா கணக்கில் கெட்டி. புதுச்சேரி வில்லியனூரில் நடந்த ஏதோ ஒரு முகாமில் 'முழு உடல் பரிசோதனை' என்று கொடுத்த தாள் அது. சர்க்கரை, கொழுப்பு, கிட்னி எல்லாம் ஒழுங்காக இருக்க, கடைசிப் பக்கத்தில் இந்த ஒரு வரி. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் போனவர், நோயாளியாகத் திரும்பி வந்திருந்தார். டீயை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அந்தத் தாளைப் படித்தோம். அக்காவிடம் சொன்னதையும், வாசலில் ஆள் வந்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர்கள் பாகூர் வரைக்கும் இருக்கிறார்கள்.

முதலில் அந்த 612 என்ன என்று பார்த்துவிடலாம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருபது கிராம் எடையில் இருக்கிறது தைராய்டு சுரப்பி. ரத்தத்தில் வரும் அயோடினை இழுத்து, தைரோகுளோபுலின் என்ற புரதத்தில் ஒட்டி, டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் செய்வதுதான் அதன் தொழில். அந்த ஒட்டும் வேலையைச் செய்கிற நொதிக்கு தைராய்டு பெராக்சிடேஸ் என்று பெயர், சுருக்கமாக டிபிஓ. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி இந்த நொதியையே வேற்றாள் என்று நினைத்து, அதற்கு எதிராக உண்டாக்கும் ஆண்டிபாடிதான் ஆன்டி-டிபிஓ. தைரோகுளோபுலினுக்கு எதிராகவும் இப்படி ஒன்று உண்டு, அது ஆன்டி-டிஜி.

"அப்ப இதுதான் என் தைராய்டைத் தின்னுதா?"

இல்லை. சுரப்பியைக் கெடுக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது டி-செல் என்ற வெள்ளணுக்கள். அவை உள்ளே புகுந்திருக்கின்றன என்பதற்கு ஆண்டிபாடி ஓர் அடையாளம், அவ்வளவுதான். பாகூரில் நெல் போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். வரப்பில் எலி வளை தெரிந்தால் வயலில் எலி இருக்கிறது என்று அர்த்தம்; வளையை எண்ணி எத்தனை மூட்டை குறையும் என்று எவரும் சொல்வதில்லை, அறுத்து அளந்தால்தான் தெரியும். இங்கே அளந்து சொல்கிற வரி டிஎஸ்எச். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டு கொஞ்சம் சுணங்கினாலும், ரத்தத்தில் டி4 குறைவதற்கு முன்பே டிஎஸ்எச் ஏறிவிடும். அக்காவுக்கு அது ஏறவில்லை. சுரப்பி இன்றைக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னேன். அந்த 34 என்ற எல்லைக்கோடு அந்த லேப் வாங்கி வைத்திருக்கும் மெஷினுக்கும் கிட்டுக்கும் உரியது. வேறு கம்பெனி கிட்டில் ஒற்றை இலக்கத்திலேயே கோடு போட்டிருப்பார்கள், இன்னொன்றில் அறுபது. ஆகவே இந்த வருஷம் ஓரிடத்தில் 612, அடுத்த வருஷம் வேறிடத்தில் 900 என்று வந்தால் நோய் முற்றிவிட்டது என்று ஆகாது. 300 என்று வந்தால் பத்தியம் பலித்தது என்றும் ஆகாது. ஆண்டிபாடி இருக்கிறதா, இல்லையா என்பது ஒருமுறை தெரிந்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதற்குக் காசு கட்டுவது வீண். உடம்பு நோகாதவர்களுக்குப் பேக்கேஜில் இந்தச் சோதனையைச் சேர்ப்பதே எனக்கு உடன்பாடில்லை. விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் எண்ணை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இது நமக்கு மட்டும் வந்த விசித்திரம் என்றும் நினைக்க வேண்டாம். புதுச்சேரிப் பெண்கள் 505 பேரைப் பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்குப் பதினாறு பேர் அளவுக்குத் தைராய்டில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. 11.5 சதவீதம் பேருக்குச் சுரப்பு குறைவு. அதிலும் பெரும்பாலோருக்கு டிஎஸ்எச் மட்டும் லேசாக ஏறிய நிலை. கொச்சியில் பெரியவர்களைப் பார்த்தபோது 16.7 சதவீதம் பேருக்கு ஆன்டி-டிபிஓ இருந்தது. சென்னை உட்பட எட்டு நகரங்களில் எடுத்து 2013-இல் வெளியான கணக்கில் அது கிட்டத்தட்ட 22 சதவீதம். கோயில் திருவிழாக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாறு பேரைத் தொட்டால் ஒருவருக்கு இருக்கும். அவர்களில் பலருக்கு அது தெரியாமலே ஆயுள் கழியும்.

எத்தனை பேருக்கு நோயாக மாறும் என்பதற்கு இங்கிலாந்தின் விக்கம் ஊரில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 1970-களில் ஊர் மக்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அதே ஆட்களை இருபது வருஷம் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். ஆண்டிபாடி மட்டும் இருந்து டிஎஸ்எச் சரியாக இருந்த பெண்களில், வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்குத் தைராய்டு சோர்ந்தது. ஆண்டிபாடியும் இருந்து டிஎஸ்எச்சும் ஏறியிருந்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று அதிகம். அக்கா முதல் வகை. வருஷத்துக்கு ஒரு டிஎஸ்எச் பார்த்துக்கொண்டால் அந்த இரண்டு பேரில் ஒருவரானாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இந்த நோயை முதலில் எழுதி வைத்தவர் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர். நாற்பது வயதைத் தாண்டிய நான்கு பெண்களின் கழுத்துக் கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, உள்ளே வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடப்பதை 1912-இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். பிறகு சொந்த ஊருக்குப் போய் ஊர் வைத்தியராகவே காலம் தள்ளி, 1934-இல் டைபாய்டு வந்து இறந்துபோனார். அந்த வெள்ளணுக்களுக்கும் ஆண்டிபாடிக்கும் உள்ள தொடர்பு லண்டனில் தெரியவந்தது 1956-இல். நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றைக்கு அவர் பெயரை எழுதாத நாள் இருக்காது.

"அதெல்லாம் சரி தம்பி, எதைச் சாப்பிடக் கூடாது, அதைச் சொல்லு."

அக்காவிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. கோஸ் கூடாது, காலிஃபிளவர் கூடாது, முள்ளங்கி, சோயா, மல்லாட்டை, கம்பு, மரவள்ளி கூடாது. கோதுமை கூடவே கூடாது. சாதா உப்பை மாற்றி இந்துப்பு வாங்க வேண்டும். யார் சொன்னது என்று கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னதாம். அந்தப் பட்டியலில் கடைசியாக இருந்ததுதான் எனக்கு முதல் கவலை.

இந்துப்பு ரோஜா நிறத்தில் அழகாகத்தான் இருக்கிறது. தைராய்டுக்குத் தேவையான அளவு அயோடின் அதில் கிடையாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 250. நம் சோற்றிலும் காயிலும் அது அவ்வளவு கிடைக்காது என்பதால்தான் உப்பில் சேர்க்கிறார்கள். ராமலிங்கசுவாமி என்ற டாக்டர் 1956-இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் இதைச் செய்து காட்டினார். சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. அயோடின் உப்பு போன ஊர்களில் கழுத்துக் கழலை குறைந்தது, மற்றதில் குறையவில்லை. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கத் தடை நடுவில் வந்தது, போனது, மறுபடி 2006 மே 17 முதல் நிலைத்தது. ஆலையில் பத்து லட்சத்துக்கு முப்பது பங்கும், கடையில் வாங்கும்போது குறைந்தது பதினைந்து பங்கும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பதினைந்து பங்கு என்றால் ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம்.

இத்தனைக்குப் பிறகும் 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் புழங்கும் வீடுகள் தமிழ்நாட்டில் 62 சதவீதம்தான். மாநிலங்களில் கடைசி இடம். உப்பு விளையும் கடற்கரையில் இருப்பதே நமக்கு வினையோ என்று தோன்றும். மரக்காணம் உப்பளம் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கல்லுப்பு மூட்டையாக வரும், ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் ஆகும், அப்படியே குழம்புக்கும் போகும். அயோடின் சேர்த்த கல்லுப்பும் பாக்கெட்டில் விற்கிறது. அதை வாங்குகிறவர்களிடம் வேறொரு பழக்கம் உண்டு. அக்கா வீட்டிலேயே பார்த்தேன்: மண் போகட்டும் என்று கல்லுப்பைத் தண்ணீரில் அலசி, தாம்பாளத்தில் பரப்பிக் காயவைத்து, பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் மூடாத ஜாடியில் போட்டுவைப்பார். அயோடின் கல்லுப்பின் மேல்பரப்பில்தான் தெளிக்கப்பட்டிருக்கிறது. அலசும்போது பெரும்பகுதி சாக்கடைக்குப் போகும், மிச்சம் அடுப்புச் சூட்டிலும் ஈரத்திலும் குறையும். அடுப்படியிலிருந்து தள்ளி, மூடி போட்ட ஜாடி; அலசாத பாக்கெட் உப்பு; குழம்பு இறக்கும் சமயம் போடுவது. அக்காவின் சமையலறையில் நான் கேட்ட மாற்றம் இவ்வளவுதான். உப்பின் அளவைக் கூட்டச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் இருப்பது ரத்தக் கொதிப்புக்கு நல்லது. குறைகிற அயோடினைப் பாலும் முட்டையும் கடல்மீனும் ஈடுகட்டும். காலையில் தெருவில் கூவிக்கொண்டு வரும் மீன்கார அம்மாவிடம் வாங்கும் சங்கராவோ மத்தியோ போதும். ஏரி மீன் ருசிதான், அயோடினுக்குக் கடல்மீன்.

அப்படியென்றால் அயோடின் மாத்திரை, கடல்பாசி மாத்திரை என்று சேர்த்துச் சாப்பிடலாமா? ஆண்டிபாடி இருப்பவர்கள் செய்யக்கூடாத காரியம் அதுதான். அயோடின் அளவுக்கு மீறினால் இந்த நோயைத் தூண்டிவிடும். டென்மார்க்கில் 2000-இல் உப்பில் அயோடினைக் கட்டாயமாக்கிய பிறகு, ஆன்டி-டிபிஓ உள்ளவர்கள் நூற்றுக்குப் பதினான்கிலிருந்து இருபத்து நான்காக உயர்ந்தார்கள். அதற்காக அந்த நாடு உப்பை நிறுத்திவிடவில்லை. குறைந்தால் கழலையும், கருவில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கேடும் வருகிறது, கூடினால் இது. சமையல் உப்பின் அளவு நடுவில் நிற்கிறது. மாத்திரை அந்த நடுவைத் தாண்டிவிடும்.

இனி அக்காவின் பட்டியல். கோஸுக்கு இந்தக் கெட்ட பெயர் வந்தது 1928-இல், அமெரிக்காவில் முயல்களுக்குக் கோஸையே தீனியாகப் போட்டபோது கழுத்து வீங்கியதிலிருந்து. மனுஷருக்கும் நடந்திருக்கிறது: நியூயார்க்கில் 88 வயதுச் சீன மூதாட்டி ஒருவர், தினமும் ஒரு கிலோவுக்கு மேல் சீனக் கோஸைப் பச்சையாகவே பல மாதம் தின்று, தைராய்டு நின்று, நினைவிழந்து ஆஸ்பத்திரிக்குப் போன கதை 2010-இல் மருத்துவ இதழில் வந்தது. நாம் கோஸைப் பொரியல் செய்கிறோம், அதுவும் வாரத்தில் ஒரு நாள். வெந்தால் அந்தக் குணம் பெருமளவு போய்விடும். முள்ளங்கிச் சாம்பாருக்கும் இதே பதில். மல்லாட்டையைச் சுண்டலாக ஒரு கைப்பிடி தின்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

கம்பும் மரவள்ளியும் கொஞ்சம் வேறு. சூடானின் டார்ஃபூரில் கம்பையே மூன்று வேளையும் தின்ற மக்களிடம் கழலை மிகுந்திருந்தது. கம்பில் உள்ள சில பொருள்கள் டிபிஓ நொதியையே மட்டுப்படுத்துகின்றன என்று கண்டார்கள். மரவள்ளியால் காங்கோவில் இதே தொல்லை. இரண்டு இடத்திலும் கூடவே அயோடின் பஞ்சமும் இருந்தது. ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழில் ஒரு சொம்பு குடித்து யாருக்கும் கழுத்து வீங்கியதில்லை. சர்க்கரைக்கு நல்லது என்று அரிசியை அடியோடு விட்டுக் கம்புக்கே மாறுவது மட்டும் ஆண்டிபாடி உள்ளவர்களுக்கு வேண்டாம். மாற்றி மாற்றிச் சாப்பிடலாம். மரவள்ளியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், நம் வீடுகளில் எப்படியும் அதைத்தான் செய்கிறோம்.

கோதுமையை நிறுத்துவது வெளிநாட்டு ஃபேஷன். சீலியாக் என்ற குடல் நோய் உள்ளவர்களுக்குத் தைராய்டு ஆண்டிபாடியும் சேர்ந்து வருவது உண்டு, அவர்கள் நிறுத்தித்தான் ஆக வேண்டும். வட இந்தியாவில் அது ஆயிரத்துக்கு எட்டு பேர் அளவுக்கு இருக்கிறது. தெற்கில் பத்தாயிரத்துக்கு ஒருவர். சாயங்காலம் சாப்பிடும் இரண்டு சப்பாத்தியை அக்கா தாராளமாகச் சாப்பிடலாம். பரோட்டாவைக் குறைத்தால் நல்லது, அதற்கும் தைராய்டுக்கும் சம்பந்தமில்லை.

செலினியம் பற்றிக் கேட்பீர்கள். ஜெர்மனியில் 2002-இல் தினம் 200 மைக்ரோகிராம் கொடுத்தபோது மூன்றே மாதத்தில் ஆண்டிபாடி எண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. மருந்துக்கடைகளில் அதற்கப்புறம்தான் செலினியம் மாத்திரைக்கு மவுசு. எண் இறங்கியதால் டிஎஸ்எச் சீராகி மாத்திரை வேண்டாம் என்ற நிலை வந்ததா என்று பின்னால் பார்த்தால் அப்படி நடக்கவில்லை. டாக்டர்களும் எல்லாருக்கும் அதை எழுதுவதில்லை. மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உதிரும். பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் மண்ணிலேயே செலினியம் மிகுந்த கிராமங்களில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். முட்டை, மீன், கோழி தரும் செலினியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நான் அக்காவிடம் அழுத்திச் சொன்னது இரும்புச் சத்தை. டிபிஓ நொதி வேலை செய்யவே இரும்பு வேண்டும். புதுச்சேரியில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. ஆண்டிபாடிக்கு இவ்வளவு பயந்த அக்கா, அதே தாளின் முதல் பக்கத்தில் ஹீமோகுளோபின் 9.8 என்று இருந்ததை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு யாரும் ஸ்டார் பெரிதாகப் போடவில்லை போலிருக்கிறது. சோர்வு, முடி கொட்டுவது, மூச்சு வாங்குவது என்று தைராய்டின் மேல் பழி போடும் பாதி விஷயத்துக்கு அந்த 9.8 போதும். முருங்கைக்கீரை, ஈரல், சுவரொட்டி, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது. டீ, இரும்பை உடம்பில் சேரவிடாது. இதைச் சொல்லும்போது எங்கள் இருவர் கையிலும் டம்ளர் இருந்தது, ஆனால் அது நாலு மணி டீ.

"எங்க நாத்தனார் மாத்திரை போடுது, அதுக்கு ஏன் இன்னும் இறங்கல?"

நாத்தனாருக்கு டிஎஸ்எச் பதினான்கு இருந்ததால் மாத்திரை. பத்தைத் தாண்டினால் பெரும்பாலும் எழுதிவிடுவார்கள். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து, வயது, குழந்தை பெறும் எண்ணம், ஆண்டிபாடி எல்லாவற்றையும் வைத்து முடிவெடுப்பார்கள். அந்த 612 உண்மையில் பயன்படுகிற இடம் அதுதான். சரி, நாத்தனார் மாத்திரையை எப்படிப் போடுகிறார் என்று விசாரித்தோம். காலை டீயோடு. கூடவே சத்து மாத்திரை என்று இரும்பும் கால்சியமும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ, காபி. இரும்பு, கால்சியம், மீல்மேக்கர் குழம்பு எல்லாம் நான்கு மணி நேரம் தள்ளி. மாத்திரைப் புட்டியை ஸ்டவ்வுக்கு மேல் இருக்கும் அலமாரியில் வைத்தால் சூட்டில் வீரியம் போகும். பாகூரிலிருந்து பஸ் ஏறிப் பெரிய டாக்டரைப் பார்த்து டோஸைக் கூட்டுவதற்கு முன்னால், டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் பார்க்கலாம்.

அக்காவின் மகள் விஷயம் தனி. கல்யாணமாகி ஒரு வருஷம், குழந்தைக்காகக் காத்திருக்கிறாள். தைராய்டு ஆண்டிபாடி குடும்பத்தில் ஓடுவது. அம்மாவுக்கு இருக்கிறது என்பதை மகள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆண்டிபாடி உள்ள பெண்களுக்குக் கரு கலையும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தைராய்டு ஏறி இறங்கும் தொல்லையும் வரலாம். அதற்காக எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தால் தடுத்துவிடலாமா என்று பிரிட்டனில் 952 பெண்களிடம் பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் குழந்தை பிறந்த கணக்கில் வித்தியாசமே இல்லை. ஆகவே மருந்தை முந்திக்கொண்டு போடுவதை விட, கரு நின்றதும் டிஎஸ்எச் பார்ப்பதும், முதல் பாதியில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதும்தான் வழி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப் பதிவு செய்யும்போதே இதைச் சொல்லிவிடலாம்.

எழுந்திருக்கும் நேரத்தில் அக்கா உள்ளே போய் ஒரு புட்டியை எடுத்து வந்தார். முடிக்கு நல்லது என்று பாரீஸில் இருக்கும் உறவுக்காரர் கொடுத்தனுப்பியதாம். இரண்டு மாதமாக ஒரு நாள் விடாமல் சாப்பிடுகிறார். திருப்பிப் பார்த்தேன்: பயோட்டின், 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது முப்பது நாற்பதுதான். இந்த அளவு பயோட்டின், சில மெஷின்களில் தைராய்டுச் சோதனையையே குழப்பும். டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டும், ஆன்டி-டிபிஓவைக் கூட்டிக் காட்டும். அப்படியானால் இத்தனை நேரம் நாங்கள் நம்பிப் பேசிய 3.4-ஐயே ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும். புட்டியை இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு, டிஎஸ்எச் மட்டும், பேக்கேஜ் இல்லாமல், காலையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ரத்தம் எடுக்கும் பிள்ளையிடம் இந்தப் புட்டி விஷயத்தைச் சொல்லவும் சொன்னேன்.

"ரெண்டு நாள்தானே? அப்புறம் சாப்பிடலாம்ல, பாரீஸ்லேர்ந்து வந்தது தம்பி."

முதலில் அந்த 9.8-ஐக் கவனியுங்கக்கா, முடி அதுலேயே நிக்கும் என்றேன்.